சீனியர்களை எதுவரை வைத்திருப்பது, அதை யார் முடிவு செய்வது?

கேள்வி இதுதான்: ரோஹித்தும் கோலியும் 2027 ஒருநாள் உலகக் கோப்பை வரை ஆடட்டும் என்று ஒரு கூட்டம், இப்போதே இளைஞர்களுக்கு வழிவிடட்டும் என்று இன்னொரு கூட்டம். இவ்வளவு ரன் அடித்துக் கொடுத்தவர்களை வெளியே போ என்பது நன்றிகெட்டத்தனம் இல்லையா? அதே சமயம் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அணி எப்போது மாறும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய கிரிக்கெட்டில் ரொம்ப காலமாக இருக்கும் கோளாறு, எப்போது போவது என்ற முடிவைப் பெரிய ஆட்டக்காரர்களிடமே விட்டுவிடுவது. அது தேர்வுக்குழு செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை அவர்கள் செய்யாதபோது ஆட்டக்காரருக்கும் அசிங்கம், அணிக்கும் நஷ்டம், வெளியே காத்திருப்பவனுக்கு வாழ்க்கையே போகிறது. 2011 முதல் 2013 வரை நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது விளங்கும்.

2011 ஏப்ரலில் உலகக் கோப்பை ஜெயித்தோம், டெஸ்டில் முதல் இடத்தில் இருந்தோம். ஜூலையில் இங்கிலாந்து போனபோது டிராவிட்டுக்கும் சச்சினுக்கும் 38 வயது, லக்ஷ்மணுக்கு 36. தொடர் 0-4. அதில் டிராவிட் மட்டும் 3 சதம் அடித்தார். ஓவலில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, கடைசி வரை அவுட் ஆகாமல் 146 எடுத்து, ஃபாலோ ஆன் ஆனதால் உடனே திரும்பவும் பேட் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆளைப் பார்த்து வயதாகிவிட்டது, கிளம்புங்கள் என்று யார் சொல்ல முடியும்? சொல்லியிருந்தால் தப்பாகவும் இருந்திருக்கும்.

ஆனால் 4 மாதம் கழித்து ஆஸ்திரேலியா. அதே டிராவிட் 8 இன்னிங்ஸில் 6 முறை போல்ட் ஆனார். இந்த எண்ணைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன், 194 ரன் என்ற மொத்தத்தை விட. ஃபார்ம் போன ஆட்டக்காரர் ஸ்லிப்பில் கேட்ச் கொடுப்பார், தப்பான ஷாட் ஆடுவார், ஒரு நல்ல இன்னிங்ஸ் வந்தால் சரியாகிவிடும். வாழ்நாள் முழுக்கத் தடுப்பாட்டத்தில் பெயர் வாங்கிய ஒருவருடைய பேட்டுக்கும் காலுக்கும் நடுவில் பந்து திரும்பத் திரும்பப் புகுந்தால் அது வேறு விஷயம். பந்து எங்கே வரும் என்று கண் சரியாகச் சொல்கிறது, கால் அங்கே போய்ச் சேர ஒரு கணம் தாமதமாகிறது. வலைப்பயிற்சியில் அதைச் சரிசெய்ய முடியாது. லக்ஷ்மண் அந்தத் தொடரில் எடுத்தது 155 ரன். தொடர் மறுபடியும் 0-4. வெளிநாட்டில் தொடர்ந்து 8 டெஸ்ட் தோல்வி. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் யார் என்றால், அடிலெய்டில் 116 அடித்த 23 வயது கோலி. சிட்னி டெஸ்ட் முடிந்தபோது அவரைத்தான் தூக்க வேண்டும் என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். டிராவிட் தானாகவே மார்ச் 9, 2012 அன்று பெங்களூருவில் ஓய்வை அறிவித்தார். லக்ஷ்மணைத் தேர்வுக்குழு நியூசிலாந்து தொடருக்கு எடுத்தது. வெளியே ஒரே சலசலப்பு. அவரே ஆகஸ்ட் 18 அன்று, சொந்த ஊரான ஹைதராபாத்தில் டெஸ்ட் தொடங்க 5 நாள் இருக்கும்போது, விலகிவிட்டார். மொஹாலியில் முதுகு வலியோடு நின்று ஆஸ்திரேலியாவை ஒரு விக்கெட்டில் ஜெயிக்க வைத்தவர், சொந்த மைதானத்தில் ஒரு வழியனுப்பு கூட இல்லாமல் போனார். சச்சினின் கடைசி டெஸ்ட் சதம் 2011 ஜனவரியில் கேப்டவுனில் அடித்தது. அதற்குப் பிறகு சதமே இல்லாமல் 2013 நவம்பர் வரை டெஸ்ட் ஆடினார். 2012 டிசம்பரில் அவரைச் சந்தித்து எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டோம், அவர் ஒருநாள் போட்டிகளிலிருந்து விலகியிருக்காவிட்டால் நாங்களே நீக்கியிருப்போம் என்று அப்போதைய தேர்வுக்குழுத் தலைவர் சந்தீப் பாட்டில் பல வருஷம் கழித்துச் சொன்னார். பதவியில் இருக்கும்போது அதை வெளியே சொல்ல முடியவில்லை. இப்படி மூன்று பேர் மூன்று விதமாகப் போனார்கள், மூன்றிலும் முடிவை முதலில் சொன்னது ஆட்டக்காரர்தான்.

சரி, பெரிய மனிதர்கள் ஒன்றிரண்டு வருஷம் கூட ஆடிவிட்டுப் போகட்டுமே, என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். குடிமுழுகியது வேறு சிலருக்கு. நம்ம பத்ரிநாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்தர ஆட்டத்தில் 10,000 ரன்னுக்கு மேல், சராசரி 54. ரஞ்சியில் தமிழ்நாட்டுக்காக வருஷா வருஷம் ரன்களைக் குவித்தவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வந்தது 2010 பிப்ரவரியில் நாக்பூரில், அதுவும் டிராவிட், லக்ஷ்மண், யுவராஜ் என்று மூன்று பேருக்கும் காயம் என்பதால். தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஸ்டெயின் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ் அது. அதில் ஷேவாக்கோடு நின்று 56 எடுத்தார். அடுத்த டெஸ்ட் கொல்கத்தாவில் 1 ரன். அதோடு முடிந்தது. லக்ஷ்மண் 2012ல் விலகியபோது அவருக்குப் பதிலாக அணிக்குள் அழைக்கப்பட்டவரும் பத்ரிநாத்தான். ஆனால் பதினோரு பேரில் இடம் ரெய்னாவுக்குப் போனது. அப்போது பத்ரிநாத்துக்கு 32 முடியப் போகிறது. மொத்தம் 2 டெஸ்ட்.

அதே நாக்பூர் டெஸ்டில் ரோஹித் ஷர்மாவும் அறிமுகமாகியிருக்க வேண்டியது. டாஸுக்குச் சற்று முன்னால் கணுக்கால் மடங்கியதால், விக்கெட் கீப்பரான சாஹாவைப் பேட்ஸ்மேனாக இறக்கினார்கள். ரோஹித்துக்கு அடுத்த வாய்ப்பு வர 2013 நவம்பர் ஆனது. ரஹானே 2011 கடைசியில் டெஸ்ட் அணிக்குள் வந்துவிட்டு, 2013 மார்ச் வரை தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளமையும் திறமையும் இருந்த ரஹானேயும் ரோஹித்தும் தாக்குப்பிடித்தார்கள். பத்ரிநாத்துக்கு அந்த அளவுக்கு வயது கைகொடுக்கவில்லை. சீனியர்களுக்குக் காட்டும் மரியாதையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

தேர்வுக்குழு ஏன் இப்படித் தயங்குகிறது? அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. ஆஸ்திரேலியாவில் தோற்ற பிறகு தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து எடுக்க நினைத்தோம், வாரியத் தலைவர் அனுமதிக்கவில்லை என்று அப்போது தேர்வாளராக இருந்த மொஹிந்தர் அமர்நாத் வெளிப்படையாகச் சொன்னார். தலைவராக இருந்தவர் நம்ம சென்னையைச் சேர்ந்த என். ஸ்ரீனிவாசன். தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான் தடுத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அப்போதைய விதிப்படி அணிக்குத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தோனி அடுத்த வருஷமே சாம்பியன்ஸ் டிராபி ஜெயித்தார், ஆகவே ஸ்ரீனிவாசன் செய்ததே சரி என்று வாதாடலாம். நான் சொல்ல வருவது அதுவல்ல. தேர்வாளர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவை மேலே இருந்து ஒருவர் ரத்து செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு, சச்சினைப் போன்ற ஒருவரைப் பற்றி எந்தத் தேர்வாளர் வாயைத் திறப்பார்?

இதற்கு நேரெதிரான பழக்கம் ஆஸ்திரேலியாவில். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1984 ஜனவரியில் சிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டோடு கிரெக் சாப்பல், லில்லி, மார்ஷ் மூவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். அந்த வருஷ முடிவுக்குள் கேப்டன் கிம் ஹியூஸ் அழுதுகொண்டே பதவி விலகினார். இங்கிலாந்தோடு ஆடும் ஆஷஸ் தொடர் அடுத்த இரண்டு முறையும் கையை விட்டுப் போனது, ஹியூஸுக்குப் பிறகு கேப்டனான பார்டரின் அணி தலைநிமிர 1987 உலகக் கோப்பை வரை ஆனது. அந்தச் சூட்டை அவர்கள் மறக்கவில்லை. 1999ல் இயன் ஹீலி, 395 பேரை அவுட்டாக்கிய கீப்பர், சொந்த ஊர் பிரிஸ்பேனில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டுப் போகிறேன் என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த டெஸ்டில் இறங்கிய கில்கிறிஸ்ட் முதல் இன்னிங்ஸிலேயே 81 அடித்தார். 2002ல் ஸ்டீவ் வா, மார்க் வா இருவரையும் ஒருநாள் அணியிலிருந்து ஒரே நேரத்தில் கழற்றினார்கள். ஸ்டீவ் வா அப்போது கேப்டன். 1999 உலகக் கோப்பையை வாங்கித் தந்தவர். அவருக்குப் பதிலாக வந்த பாண்டிங்கின் அணி 2003 உலகக் கோப்பையை ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் ஜெயித்தது. ஹீலிக்கு அந்த ஒரு டெஸ்டைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். கில்கிறிஸ்ட் இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் முடிவு யாருடையது என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

நம்ம ஊரிலும் இதை ஒருமுறை அழகாகச் செய்தோம், அதனால்தான் இந்தியாவில் இது நடக்காது என்பதை நான் ஏற்பதில்லை. 2008 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்த முத்தரப்பு ஒருநாள் தொடருக்கு கங்குலியையும் டிராவிட்டையும் எடுக்கவில்லை. திலீப் வெங்சர்க்கார் தேர்வுக்குழுத் தலைவர். என்ன கூச்சல், என்ன கண்டனம்! ஆனால் எல்லா சீனியர்களையும் தூக்கவில்லை, சச்சினை வைத்துக்கொண்டார்கள். சிட்னி இறுதிப் போட்டியில் சச்சின் ஆட்டமிழக்காமல் 117, அவரோடு நின்று 66 அடித்தவர் 20 வயது ரோஹித் ஷர்மா. பிரிஸ்பேனில் அடுத்த இறுதிப் போட்டியில் சச்சின் 91. கோப்பை நமக்கு. தொடரில் அதிக ரன் கம்பீர். ஒரு சீனியர், சுற்றிலும் ஓடக்கூடிய பையன்கள். அந்த 20 வயதுப் பையன் ஆடிக்கொண்டே எதிர்முனையில் சச்சின் எப்படித் துரத்துகிறார் என்று பார்த்துக் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி முகாமும் சொல்லித் தர முடியாது. அனுபவம் அணிக்கு வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது ஒரே நேரத்தில் ஐந்து பேரிடம் இருந்து வர வேண்டியதில்லை.

நான்கு வருஷம் கழித்து அதே ஆஸ்திரேலியாவில் அதே யோசனையைக் கெடுத்தும் காட்டினோம். 2012 முத்தரப்புத் தொடரில் சச்சின், ஷேவாக், கம்பீர் மூவரையும் சுழற்சி முறையில் ஆட வைத்தார் தோனி. 2015 உலகக் கோப்பை அங்கேதான் என்பதால் எண்ணம் சரியானது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து ஆடினால் ஃபீல்டிங்கில் ரன் போகிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை, இளைஞர்களுக்கு வாய்ப்பு என்றுதான் சொன்னார் என்று ஷேவாக் பத்திரிகையாளர்களிடமே பதில் கொடுத்தார். தொடரும் போனது, ஓய்வறையும் கெட்டது. கடைசியில் 2015 உலகக் கோப்பையில் மூவரில் ஒருவர் கூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்து நேராகப் பேசியிருந்தால் இத்தனை கசப்பு வந்திருக்காது.

நேராகப் பேசுவது எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் 2022ல் கிடைத்தது, அதைச் செய்தவர் டிராவிட். பயிற்சியாளராக இருந்த அவர், இனி உன்னை எடுக்கப்போவதில்லை, ஓய்வைப் பற்றி யோசி என்று தன்னிடம் சொன்னதாக சாஹா வெளியில் வருத்தப்பட்டார். ஆம், நாக்பூரில் ரோஹித்தின் இடத்தில் இறங்கிய அதே சாஹாதான். எனக்கு வருத்தமில்லை, சாஹாவுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது என்ற பொருளில் டிராவிட் பதில் சொன்னார். அப்போது பலர் டிராவிட்டைத் திட்டினார்கள். நான் அவர் பக்கம். தான் போகும்போது யாரும் இப்படி வந்து தன்னிடம் பேசவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்து 2024ல் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனுக்குச் செய்ததுதான் நான் பார்த்ததிலேயே நல்ல முறை. கேப்டன் ஸ்டோக்ஸ், பயிற்சியாளர் மெக்கல்லம், கிரிக்கெட் நிர்வாக இயக்குநர் ராப் கீ மூவரும் நேரில் உட்கார்ந்து, அடுத்த ஆஷஸை மனதில் வைத்து அணியைக் கட்டுகிறோம் என்று சொன்னார்கள். ஆண்டர்சனுக்கு அது அதிர்ச்சிதான். ஆனால் லார்ட்ஸில் ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள். 704 விக்கெட்டோடு 41 வயதில் மொத்த மைதானமும் எழுந்து நிற்கப் போனார். அதே டெஸ்டில் அறிமுகமான அட்கின்சன் 12 விக்கெட் எடுத்தார். அந்த ஆஷஸை அவர்கள் தோற்றது உண்மை. 43 வயது ஆண்டர்சன் அதைக் காப்பாற்றியிருப்பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதோடு அஸ்வினை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 செப்டம்பர், சேப்பாக்கம், வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட். மூன்றே மாதத்தில், டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில், ஆடாத ஒரு டெஸ்டின் முடிவில், ரோஹித்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வை அறிவித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். 537 விக்கெட் எடுத்தவர். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தரை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, புனேயில் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்த பையனை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வெளிநாட்டில் இனி சுந்தர்தான் முதல் தேர்வு என்று தேர்வுக்குழு முன்கூட்டியே முடிவு செய்து அஸ்வினிடம் சொல்லியிருந்தால், சொந்த மண்ணில் ஒரு தொடரைக் கடைசித் தொடர் என்று அறிவித்து அனுப்பியிருக்கலாம். சேப்பாக்கம் நிரம்பி வழிந்திருக்கும். தொடரின் நடுவில், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அவராகவே முடிவெடுக்கும்படி ஆனது.

அதே காலத்தில் ரோஹித் ஆஸ்திரேலியாவில் 5 இன்னிங்ஸில் 31 ரன். சிட்னி டெஸ்டில் தானே ஒதுங்கினார். கோலி பெர்த்தில் சதம் அடித்தார், ஆனால் அந்தத் தொடர் முழுக்க ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொட்டுத் தொட்டு ஒரே மாதிரி அவுட் ஆனார். 2025 மே மாதம் ஒரே வாரத்துக்குள் இருவரும் டெஸ்டிலிருந்து விலகினார்கள். அஸ்வினோடு சேர்த்து ஐந்து மாதத்தில் மூன்று பேர். 1984 சிட்னி மாதிரியே ஆகப்போகிறது என்று நான் பயந்தேன்.

ஆகவில்லை. கில் தலைமையில் இங்கிலாந்தில் 2-2. அவர் மட்டும் 754 ரன், எட்ஜ்பாஸ்டனில் 269, 161. ஆனால் அந்தத் தொடரைப் பற்றிப் பேசும் எல்லோரும் இளைஞர் படை என்கிறார்கள், 36 வயது ஜடேஜா 516 ரன் அடித்ததை மறந்துவிடுகிறார்கள். மான்செஸ்டரில் சுந்தரோடு நின்று டெஸ்டைக் காப்பாற்றியவரும் அவர்தான். அதே வருஷம் நவம்பரில் சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் 0-2 தோற்றோம். ஆக, புதியவர்கள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கும் விசுவாசம் தேவை, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. 2014ல் இங்கிலாந்தில் கோலி 10 இன்னிங்ஸில் 134 ரன். தூக்கியிருந்தால் 2018ல் அதே மண்ணில் 593 ரன் அடித்த கோலி கிடைத்திருக்க மாட்டார். ஸ்டீவ் வா முதல் டெஸ்ட் சதம் அடித்தது 27வது டெஸ்டில். நம்ம சாய் சுதர்சனுக்கு என்ன ஆனது? ஹெடிங்லியில் அறிமுகம், முதல் இன்னிங்ஸில் டக், இரண்டாவதில் 30, அடுத்த டெஸ்டிலேயே வெளியே. அவருடைய மூன்றாவது இடத்தில் 33 வயது கருண் நாயர். பிறகு மான்செஸ்டரில் திரும்பவும் சுதர்சன், அவர் 61 அடித்தார். கருண் நாயர் கதையும் தெரிந்ததுதான், 2016ல் சேப்பாக்கத்தில் 303 அடித்துவிட்டு அடுத்த சில டெஸ்டிலேயே காணாமல் போனவர். நட்சத்திரங்களுக்கு இரண்டு வருஷம் பொறுக்கிறோம், 23 வயதுப் பையனுக்கு இரண்டு டெஸ்ட் பொறுக்க மாட்டேன் என்கிறோம்.

இனி 2027க்கு வருகிறேன். அந்த உலகக் கோப்பை வரும்போது ரோஹித்துக்கு 40 வயது, கோலிக்கு 39 நெருங்கியிருக்கும். இப்போதைக்கு இருவரையும் ஒருநாள் அணியிலிருந்து எடுக்க ஆட்டரீதியாகக் காரணம் இல்லை. 2025 அக்டோபரில் சிட்னியில் ரோஹித் ஆட்டமிழக்காமல் 121, அடுத்து தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ராஞ்சியிலும் ராய்ப்பூரிலும் கோலி சதம். வயதை மட்டும் காட்டி இவர்களை நீக்கினால் அது முட்டாள்தனம். ஆனால் அதே தொடரில் ருதுராஜும் ஜெய்ஸ்வாலும் சதம் அடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் தேர்வாளராக இருந்தால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொல்வேன். உலகக் கோப்பைக்கு ஒரு வருஷம் முன்னால் முடிவெடுப்போம், அதற்குப் பிறகு இழுத்தடிக்க மாட்டோம். சர்வதேச ஆட்டம் இல்லாத மாதங்களில் உள்நாட்டு ஒருநாள் தொடரான விஜய் ஹசாரே கோப்பையில் ஆட வேண்டும், மும்பைக்கும் டெல்லிக்கும் இறங்கி அதை அவர்களே தொடங்கியும்விட்டார்கள். மூன்றாவது, ஒவ்வொரு தொடரிலும் ஒரு ஆட்டமாவது உங்கள் இடத்தில் ஜெய்ஸ்வாலோ ருதுராஜோ ஆடுவார், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணிப்பில் கோலி உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா போவார், ஏனென்றால் ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய பலமே விக்கெட்டுக்கு நடுவில் ஓடுவதுதான், அந்த ஓட்டம் இன்னும் குறையவில்லை. ரோஹித் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. முதல் பத்து ஓவரில் வேகப்பந்தைத் தூக்கி அடிக்கும் வேலை கண்ணையும் கையையும் நம்பியது, 40 வயதில் முதலில் கைவிடுவது அவைதான். இருவரில் ஒருவர்தான் போக முடியும் என்ற நிலை வந்தால் அதை அஜித் அகர்கரின் தேர்வுக்குழுவோ, அதற்கு அடுத்து வருபவர்களோ, வாயைத் திறந்து ரோஹித்திடம் சொல்ல வேண்டும், அவர் அறிவிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவருடைய சொந்த மைதானமான மும்பை வான்கடேயில் ஒரு ஒருநாள் போட்டியையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.